வாங்க வருகிறவரின் சந்தேகத்துக்கு உங்கள் தளத்தில் பதில் இருக்கிறதா?

வாசகர் கேள்வி பதில்

(ஓவியர்கள் தங்கள் இணையதளம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர் சென்னை ஓவியக்கூடம் ஒன்றில் பல வருடம் விற்பனையைக் கவனித்தவர். இப்போது ஓவியர்களின் தளங்களைச் சீரமைத்துத் தருகிறார்.)

கேள்வி: நான் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். மகன் இணையதளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். நூற்று நாற்பது படம் ஏற்றியிருக்கிறோம். தினமும் சிலர் வந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஒருவரும் விசாரிப்பதில்லை. என்ன குறை?
வாசகி, கும்பகோணம்

உங்கள் தளத்தை முழுக்கப் பார்த்தேன் அம்மா. வேலை சுத்தமாக இருக்கிறது. நவநீத கிருஷ்ணனின் முகத்தில் அந்தக் குழைவு பல வருடம் கைபழகியவருக்குத்தான் வரும். ஆனால் வாங்க நினைத்து வருகிறவருக்குத் தேவையான ஒரு விவரம்கூட அங்கே இல்லை.

கடையில் தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவரைக் கவனித்திருப்பீர்கள். தூக்கிக் கனம் பார்ப்பார். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தங்கம் அசலா என்று கேட்பார். வீட்டுச் சுவரை மனதில் வைத்துக் கையை விரித்து அளப்பார். கடைசியில் விலை கேட்பார். தளத்துக்கு வருகிறவருக்கும் இதே சந்தேகங்கள்தான் வரும், ஆனால் அவரால் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பக்கமே பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அளவு. 'கஜலட்சுமி' என்று பெயர் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது 8×10 அங்குலமா, 18×24 அங்குலமா? சட்டத்தோடு எவ்வளவு, சட்டம் இல்லாமல் எவ்வளவு? அடுக்குமாடி வீட்டுப் பூஜை அறையில் இரண்டு அங்குலம் கூடினாலே கதவு திறக்காது. எடையையும் எழுதுங்கள், எந்த ஆணி தாங்கும் என்று அவர் யோசிக்க வேண்டும். இதோடு ஓவியத்தைச் சுவரில் மாட்டி, கீழே குத்துவிளக்கோ நாற்காலியோ தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எண்ணில் படித்தால் புரியாத அளவு இதில் பார்த்த உடனே புரிந்துவிடும்.

அடுத்தது தங்கம். வாங்குகிறவருக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) என்றால் அப்படியே எழுதுங்கள். தாமிரக் கலவையில் வரும் போலி ரேக்கு நாளாக ஆகக் கறுத்துவிடும், அசல் தங்கம் கறுக்காது என்ற ஒரு வரியையும் சேருங்கள். விலை ஏன் அவ்வளவு என்ற கேள்விக்கும் அதுவே பாதிப் பதில். நீங்கள் சில ஓவியங்களைப் போலி ரேக்கில் குறைந்த விலைக்குச் செய்கிறீர்கள் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். தெரிந்து வாங்குகிறவர் திரும்ப வருவார். பிறகு தெரிந்துகொண்டவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

ஓவியம் உருவாகும் கட்டங்களைப் படமாக எடுத்துப் போடச் சொல்லித் தஞ்சாவூர் வேலை செய்யும் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். பலகையில் துணி ஒட்டியது, பென்சில் கோடு, சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்துப் புடைப்பு எடுத்தது, கல் பதித்தது, ரேக்கு ஒட்டியது, வண்ணம் தீட்டி முகம் எழுதியது. ஆறு படம் போதும். நீங்கள் 'என்னைப் பற்றி' பக்கத்தில் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையைவிட இந்த ஆறு படங்களுக்கு மதிப்பு அதிகம். அச்சடித்த படத்தின் மேல் கல் ஒட்டி விற்கும் கடைகளிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

இப்போது படம் எடுக்கும் விதத்துக்கு வருகிறேன். உங்கள் படங்களில் தங்கம் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளைத் திட்டாகவும் தெரிகிறது. தங்க ரேக்கு எதிரில் இருப்பதைக் காட்டும். எதிரில் இருட்டு அறை இருந்தால் கறுப்பாகத் தெரியும், ஃபிளாஷ் அடித்தால் வெளுத்துப் போகும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் வெயில் விழாத, வெளிச்சம் நிறைந்த தாழ்வாரத்தில் ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எதிரில் வெள்ளை வேட்டியோ படுக்கை விரிப்போ விரித்துக் கட்டி, அதில் கேமரா நுழையும் அளவு இடைவெளி விட்டு அதன் வழியே எடுங்கள். தங்கம் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்து மஞ்சளாக மின்னும். கண்ணாடி போட்ட பிறகு எடுக்காதீர்கள், சட்டம் போடுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ஓர் ஓவியத்துக்கு ஐந்து படம் எடுங்கள்: முழுசாக நேரே ஒன்று, முகம் கிட்டத்தில் ஒன்று, புடைப்பும் கல்லும் தெரிய பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, சுவரில் மாட்டியது ஒன்று.

அப்புறம், நூற்று நாற்பது வேண்டாம். இன்று விற்பனைக்கு இருப்பதில் நல்லவை முப்பதை முன்னால் வையுங்கள். விற்றுப்போனதில் பத்தைத் தனிப் பக்கத்தில் வைத்து, கண்காட்சியில் செய்வதைப் போல மூலையில் சிவப்புப் பொட்டு வையுங்கள். பிறர் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் புதிதாக வருகிறவருக்குத் தைரியம் வரும்.

கடைசியாக ஒன்று. உங்கள் தளத்தில் படத்தைத் தொட்டால் அதே பக்கத்தில் பெரிதாகிறது, அவ்வளவுதான். ஒவ்வோர் ஓவியத்துக்கும் தனிப் பக்கமும் தனி முகவரியும் வேண்டும். நம் வீடுகளில் ஓவியத்தை ஒருவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. மனைவி பார்த்துக் கணவருக்கு அனுப்புவார், அவர் தன் அம்மாவுக்கு அனுப்புவார். அந்த இணைப்பைத் தட்டினால் அதே கஜலட்சுமி திறக்க வேண்டும். முகப்புப் பக்கம் திறந்து நூற்று நாற்பதில் தேடு என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பக்கத்தின் அடியில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள். தட்டினால் 'கஜலட்சுமி, 12×15, எண் 47 பற்றி அறிய விரும்புகிறேன்' என்ற வரி தானாக வந்து நிற்கும்படி உங்கள் மகனால் அரை மணி நேரத்தில் செய்ய முடியும். என்ன எழுதுவது என்று தயங்கி விட்டுவிடுகிறவர்கள் எவ்வளவோ பேர்.

கேள்வி: தளத்தில் விலை போடலாமா? 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று போட்டால்தான் மதிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
அக்ரிலிக் ஓவியர், சேலம்

போடுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது லட்சக்கணக்கில் விற்கும் மூத்த ஓவியர்களுக்கும் அவர்களைக் கையாளும் கேலரிகளுக்கும் பொருந்தும். உங்கள் ஓவியங்கள் எட்டாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விலையில் வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் தடவை அசல் ஓவியம் வாங்குகிறவர். விலை கேட்பதே அவருக்குக் கூச்சம். கேட்டு, அது தன் கைக்கு எட்டாது என்றால் எப்படி மறுப்பது என்ற சங்கடம் வேறு. அதனால் கேட்காமலே போய்விடுவார். ஓவியக்கூடத்தில் விலைச்சீட்டு இல்லாத சுவரைப் பார்த்து நகர்ந்துபோன முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஆசை இருந்தது.

விலைக்கு ஒரு முறை வையுங்கள். பலரும் சதுர அங்குலக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 40 ரூபாய் என்றால் 12×15 ஓவியம் 180 சதுர அங்குலம், 7,200 ரூபாய். 18×24 என்றால் 432 சதுர அங்குலம், 17,280 ரூபாய். அளவு பெரிதாக ஆக இந்தக் கணக்கு எகிறிவிடும், அதனால் பெரிய ஓவியங்களுக்கு விகிதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் விலையைத் தனியாகச் சொல்லுங்கள். கூரியர் செலவு சேர்ந்ததா இல்லையா என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கடைசிப் படியில் திடீரென்று ஆயிரம் ரூபாய் கூடினால் நல்ல மனதோடு வந்தவர்கூடப் பின்வாங்குவார்.

இன்னொன்று முக்கியம். கேலரியில் ஒரு விலை, தளத்தில் அதைவிடக் குறைந்த விலை என்று வைக்கக் கூடாது. கேலரி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்கிறது, நேரே விற்றால் அது மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் கேலரியில் இருபதாயிரம் கொடுத்தவர் உங்கள் தளத்தில் அதே அளவு ஓவியத்தைப் பன்னிரண்டாயிரத்துக்குப் பார்த்தால் ஏமாந்ததாக நினைப்பார். கேலரிக்காரரும் அடுத்த கண்காட்சிக்கு உங்களைக் கூப்பிட மாட்டார். விலை எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். நேரே விற்கும்போது மிஞ்சுவதில் நல்ல பெட்டி, காப்பீட்டோடு கூரியர் என்று செலவழியுங்கள்.

கேள்வி: தளம் திறந்ததும் வீணை இசை ஒலிக்கும்படி செய்யலாமா?
வாசகர், திருச்சி

வேண்டாம். பலர் அலுவலக இடைவேளையிலும் பேருந்திலும் போனில் பார்ப்பார்கள். சத்தம் கேட்ட உடனே மூடிவிடுவார்கள். முகப்பில் சுழன்று வரும் படங்களும் வேண்டாம். உங்களுடைய ஆகச் சிறந்த ஓவியம் ஒன்று, அதன் கீழே நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், எந்த ஊர் என்று இரண்டு வரி. போதும்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் எனக்குப் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியிருக்க இணையதளத்துக்குச் செலவு செய்வது அவசியமா?
ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

அவசியம் தம்பி, ஆனால் பெரிய செலவு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் உங்களைத் தெரிந்துகொள்வார்கள். வாங்கலாம் என்று முடிவு செய்யும் நேரத்தில் அளவு, விலை, எப்படி அனுப்புவீர்கள், உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் ஓரிடத்தில் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் பார்த்த ஓவியத்தை இன்ஸ்டாகிராமில் கீழே கீழே தள்ளித் தேட யாருக்கும் பொறுமை இல்லை. அந்தக் கணக்கு ஒருநாள் முடங்கிப் போனால் உங்களைப் பின்தொடர்ந்தவர்களில் ஒருவரைக்கூட உங்களால் திரும்பக் கூப்பிட முடியாது, ஏனென்றால் அவர்களுடைய முகவரி உங்களிடம் இல்லை.

மாணவராக இருப்பதால் இதையும் சொல்கிறேன். எல்லோரும் பெரிய கேன்வாஸ் வாங்க மாட்டார்கள். தளத்தில் மூவாயிரத்துக்குள் ஒரு பிரிவு வையுங்கள்: சிறிய கோட்டோவியங்கள், லினோ அச்சுகள் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பவை), எண்ணிட்ட பிரிண்ட்கள். 'சில்லறைப் பொருள் விற்றால் கலைஞன் என்ற பெயர் போய்விடும்' என்று பயப்படாதீர்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதனால் அவர்கள் ஓவியம் குறைந்துவிடவில்லை.

பிரிண்ட் போடுவதானால் ஒழுங்காகப் போடுங்கள். ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 3,500×4,960 பிக்சல். அமிலமற்ற பருத்திக் காகிதம், நிறமி மை. 25 பிரதிதான் என்று அறிவித்தால் 3/25 என்று பென்சிலில் எண் எழுதிக் கையெழுத்திடுங்கள். இருபத்தைந்தும் தீர்ந்த பிறகு யார் எவ்வளவு கேட்டாலும் இருபத்தாறாவது கிடையாது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் நான். வாட்டர்கலரில் மதுரைத் தெருக்களையும் தெப்பக்குளத்தையும் வரைகிறேன். தளம் வழியாக அவ்வப்போது ஓவியம் விற்கிறது. ஆனால் ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவதே இல்லை. ஏன்?
வாசகர், மதுரை

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். புதிதாக ஆட்கள் எப்படி வருவார்கள் என்று பத்துப் பேர் கேட்டால், வாங்கியவரை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவர்தான் கேட்கிறார். ஓவியம் விற்றுப் பிழைக்கிறவர்களை நான் பார்த்தவரை, அவர்களை வருடா வருடம் தாங்குவது பழைய வாங்குநர்கள்தான்.

வாங்கியவர்களின் பெயர், ஊர், எந்த ஓவியம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்று தோன்றுகிறது. இன்றே ஒரு நோட்டு போடுங்கள். பெயர், ஊர், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண், எந்த ஓவியம், அளவு, விலை, தேதி. இதோடு ஒரு பத்தி கூடுதலாக வையுங்கள்: ஏன் வாங்கினார். 'அம்மா பிறந்த ஊர் மதுரை', 'புது வீடு கிரகப்பிரவேசம்', 'சித்திரைத் திருவிழாவில் சந்தித்துக்கொண்டவர்கள்' என்று அவரே பேச்சில் சொல்லியிருப்பார். தெப்பக்குளத்தை அம்மாவுக்காக வாங்கியவருக்கு, நீங்கள் புது மண்டபத்தை வரைந்து முடித்ததும் 'உங்கள் அம்மாவுக்கு இந்த இடம் நினைவிருக்கும்' என்று ஒரு வரி எழுதினால் அது விளம்பரம் ஆகாது. நீங்கள் அவரை மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஓவியத்தோடு இரண்டு தாள் போக வேண்டும். ஒன்று சான்றிதழ்: தலைப்பு, வருடம், எந்தத் தாள், என்ன வண்ணம், அளவு, உங்கள் கையெழுத்து, ஓவியத்தின் சிறு படம். இன்னொன்று பராமரிப்புக் குறிப்பு. வாட்டர்கலர் என்பதால் நேர் வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் (ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் அச்சடித்து வைத்தால் போதாது, தளத்திலும் தனிப் பக்கமாக வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தாளில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அவர் தேடி வருவது அந்தப் பக்கத்துக்குத்தான். அங்கே 'சட்டம் மாற்ற வேண்டுமா, எனக்கு எழுதுங்கள்' என்று இருந்தால் உறவு மறுபடி துளிர்க்கும். தஞ்சாவூர் வேலை செய்கிறவர்கள் 'கல் விழுந்தால் இலவசமாகப் பதித்துத் தருவோம்' என்று எழுதலாம். செலவு சொற்பம், அதில் கிடைக்கும் நம்பிக்கை பெரிது.

போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, எங்கே மாட்டினீர்கள், ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு அதைத் தளத்தில் போடுங்கள். பெயரும் வீட்டு அடையாளமும் வேண்டாம், ஊர் போதும். உண்மையான ஒரு வீட்டுக் கூடத்தில் உங்கள் தெப்பக்குளம் தொங்குவதைப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்குத் தன் கூடமும் நினைவுக்கு வரும்.

பிறகு கடிதம். மூன்று மாதத்துக்கு ஒரு மின்னஞ்சல், விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டும். தளத்தின் அடியில் 'புதிய ஓவியங்கள் பற்றி அறிய' என்று ஒரு பெட்டி வையுங்கள். அதில் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேளுங்கள், பிறந்த தேதியெல்லாம் கேட்டால் ஓடிவிடுவார்கள். கடிதத்தில் இரண்டு படமும் நாலு பத்தியும் போதும். எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள், அந்த நேரத்து வெளிச்சம் எப்படி இருந்தது, வரையும்போது யார் வந்து பேசினார்கள். ஆசிரியராக இருந்தவர் நீங்கள், சொல்லத் தெரியாதா? புதிய ஓவியங்களைத் தளத்தில் போடுவதற்கு மூன்று நாள் முன்பே பழைய வாங்குநர்களுக்குக் காட்டிவிடுங்கள். தள்ளுபடியைவிட இந்த முதல் உரிமை அவர்களுக்குப் பிடிக்கும். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பூவும் வணக்கமும் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஓவியம் பற்றிச் சொல்ல வரும் நாளில் உங்கள் பெயர் ஏற்கெனவே மௌனமாக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: போட்டோவைப் பார்த்து உருவப்படம் வரைந்து தருகிறேன். ஒருவருக்கு வரைந்ததை என் தளத்தில் மாதிரியாகப் போட்டேன். 'எங்கள் படத்தை எப்படிப் போடலாம்' என்று அவர் சண்டைக்கு வந்துவிட்டார். வரைந்தது நான்தானே, உரிமை எனக்கு இல்லையா?
வாசகி, கோயம்புத்தூர்

இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. சாதாரணமாக நீங்களாக வரைந்து விற்ற ஓவியத்தில், ஓவியம் வாங்கியவருக்குச் சொந்தம், காப்புரிமை (அதைப் படியெடுத்து வெளியிடும் உரிமை) உங்களிடமே இருக்கும். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. ஆனால் ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு விதி வேறு. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது உங்கள் விஷயத்தில் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் எப்போதும் உங்களுடையது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உருவப்படம் வரையச் சொல்கிறவர்களில் பலர் இறந்துபோன அப்பாவின் படத்தைக் கொண்டு வருகிறார்கள். அந்த முகம் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு வலிக்கும். முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இனி ஆர்டர் எடுக்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் வையுங்கள், அதையே தளத்திலும் போடுங்கள். முன்பணம் எவ்வளவு (பாதி என்பது வழக்கம்), பென்சில் நிலையில் எத்தனை தடவை திருத்தம், வண்ணம் தீட்டிய பிறகு என்ன செய்ய முடியாது, எத்தனை வாரம், போட்டோ எப்படி இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும். கடைசியில், 'ஓவியத்தின் படத்தைத் தளத்தில் காட்டலாமா: ஆம் / இல்லை'. மாதிரிக்கு உங்கள் வீட்டு மனிதர்களையே நாலு பேர் வரைந்து, பக்கத்தில் அவர்களுடைய போட்டோவையும் வையுங்கள். வரையச் சொல்ல வருகிறவர் பார்க்க விரும்புவது அந்த ஒப்பீட்டைத்தான்.

கேள்வி: தளம் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்திலா?
வாசகர், காரைக்குடி

இரண்டிலும். தலைப்பு, அளவு, விலை, அனுப்பும் விவரம் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். கூகுளில் 'தஞ்சாவூர் ஓவியம் விலை' என்று தமிழில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படக் கோப்புக்குக் கேமரா தந்த எண்ணையே விட்டுவிடாமல் ஓவியத்தின் பெயரை வையுங்கள். படத்துக்கான மாற்று உரையில் (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் எழுத்து) என்ன ஓவியம், என்ன அளவு என்று ஒரு வரி எழுதுங்கள். படத்தின் நீளமான ஓரம் 2,000 பிக்சல், கோப்பு 400 கேபிக்குள் என்று சுருக்கி ஏற்றினால் போனில் சட்டென்று திறக்கும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ஒருவர் என் ஓவியத்தை (தஞ்சாவூர், ராமர் பட்டாபிஷேகம், 15×18) கேட்கிறார். வெளிநாட்டுக்கு இதுவரை அனுப்பியதில்லை. தளத்திலும் அதுபற்றி ஒன்றும் இல்லை.
வாசகி, தஞ்சாவூர்

வாழ்த்துகள். இந்த ஒரு விசாரணையை ஒழுங்காக முடித்தால் அந்த அனுபவத்தையே 'வெளிநாட்டுக்கு' என்று தளத்தில் ஒரு பக்கமாக எழுதிவிடலாம்.

பணம்: வங்கி வழியாக நேரே அனுப்பச் சொல்லலாம். பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டிலிருந்து பணம் பெற இன்னும் உதவும். கட்டணம் பிடிப்பார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். முழுப் பணமும் வந்த பிறகே அனுப்புங்கள்.

ஏற்றுமதிக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்) வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் நாட்டை விட்டுப் போகக் கூடாது. புதிதாகச் செய்ததும் பார்வைக்குப் பழையது மாதிரி இருப்பதால் சுங்கத்தில் கேள்வி எழலாம். நீங்கள் செய்த வருடம் தெரியும் பில், கட்டங்களின் படங்கள், கையெழுத்துச் சான்றிதழ் மூன்றையும் பெட்டியோடு வையுங்கள். தேவைப்பட்டால் இது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையே சான்று தருகிறது.

அவர் பக்கத்தில், 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் வந்து இறங்கும்போது 9 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பொருள் வாசலில் நிற்கும்போது தெரிந்தால் உங்கள் மேல்தான் வருத்தம் வரும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

பலகை என்பதால் கேன்வாஸ் போலச் சுருட்ட முடியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேண்டுமானால் அக்ரிலிக் ஷீட் போடுங்கள். மேல்பரப்பைத் தொடாதபடி அமிலமற்ற தாள், நான்கு மூலைக்கும் தெர்மாகோல், சுற்றிக் குமிழ் உறை, வெளியே பிளைவுட் பெட்டி. குமிழ் உறை நேரே தங்கத்தின் மேல் படக் கூடாது, வெப்பத்தில் வட்ட வட்டமாக அச்சு விழுந்துவிடும். கட்டும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பெட்டி வந்து சேரும் வரை அவர் மனதில் இருக்கும் கலக்கம் பாதி குறையும். உடைந்து போனால் காப்பீட்டுக்காரரிடம் காட்டவும் அதே படங்கள் உதவும்.

கேள்வி: என் தளத்தைச் செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு படம் மாற்றக்கூட அவரைத் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?
சிற்பி, மாமல்லபுரம்

முதலில் டொமைன் (உங்கள் தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அவருடைய கணக்கில் இருந்தால் உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். தளத்தை எப்போது வேண்டுமானாலும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டு அது வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் விசிட்டிங் கார்டிலும் விற்ற சிற்பங்களின் சான்றிதழிலும் இருக்கும் முகவரி யாரோ ஒருவருடையதாகிவிடும். பழைய வாங்குநர் அங்கேதான் போய் நிற்பார். புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்து, முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். படம் ஏற்றவும் விலை மாற்றவும் அவரிடமே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் பிள்ளைகளில் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.